டெல்லியில் மாநிலம் மாநிலமாகச் சாப்பிட: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்காக டெல்லி வந்த முதல் எட்டு மாதம், முனிர்க்காவில் நான் தங்கியிருந்த அறையைச் சுற்றியே என் சாப்பாடு ஓடியது. காலையில் தெருமுனை இட்லி, மதியம் ஆபீஸ் கேன்டீன் ராஜ்மா, இரவு மறுபடி தோசை. பக்கத்து இருக்கையில் மணிப்பூர்க்காரி, எதிர் இருக்கையில் பாட்னாக்காரர், மாடியில் ஒரு வங்காளி. அவர்கள் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒன்பதாவது மாதம் ஆறு பேர் சேர்ந்து, மாதத்துக்கு ஒரு மாநிலச் சாப்பாடு என்று முடிவு செய்தோம்.

முதல் மூன்று மாதமும் சரியாக அமையவில்லை. ஒருமுறை மதியம் மூன்றரைக்குப் போய், ஒரு மாநிலத்தின் அரசு விருந்தினர் இல்லமான பவனின் மூடிய கேன்டீன் வாசலில் நின்றோம். அடுத்த முறை எங்களில் ஒருவரிடம் அடையாள அட்டை இல்லை. காவலாளி உள்ளே விடவே இல்லை. மூன்றாவது முறைதான் மனசு கஷ்டமானது. பிறந்ததிலிருந்து சைவமாக இருக்கும் ஒரு தோழி, மீன்தலை போட்டு வைத்த பருப்பைத் தெரியாமல் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, தெரிந்ததும் அழுதுவிட்டாள். தப்பு எங்கள் மேல். யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட முறை போயிருக்கிறோம். நீங்கள் புதிதாக வந்திருந்தால் அந்த முதல் மூன்று மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

1. ஆள் சேருங்கள், ஆறு பேருக்கு மேல் வேண்டாம்

ஆறு என்பதற்குக் காரணம் ஆட்டோ. டெல்லி ஆட்டோவில் மூன்று பேர்தான். ஆறு பேர் என்றால் இரண்டு ஆட்டோ, ஒரு மேசை, எல்லாத் தட்டிலிருந்தும் எல்லோருக்கும் ஒரு வாய். ஏழாவது ஆள் வந்தால் மூன்றாவது ஆட்டோ, இரண்டாவது மேசை; பேச்சும் சாப்பாடும் இரண்டாகப் பிரிந்துவிடும். மூன்று பேருக்குக் குறைந்தால் நான்கு வகைக்கு மேல் ருசி பார்க்க முடியாது.

இயன்றால் அந்த மாநிலத்துக்காரர் ஒருவர் கூட வரட்டும். இது நான் சொல்லும் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒடியாக்காரர் ஒருவர் கூட இருந்தால் பருப்பும் காயும் சேர்ந்த டால்மாவை எதோடு சேர்த்துச் சாப்பிடுவது என்று தெரியும், எந்தப் பதார்த்தம் அன்றைக்குச் சமைத்தது என்று அவர் மொழியில் கேட்டுச் சொல்வார். ஆர்டர் செய்யும் பொறுப்பை அவரிடமே முழுக்க விடுங்கள். ‘எனக்கு ஒரு பனீர்’ என்று நடுவில் யாரும் குதிக்கக் கூடாது என்பதை முதல்நாளே பேசிவையுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்க வேண்டும். மாநில பவன்கள் அரசு விருந்தினர் இல்லங்கள். அமைச்சர்களும் அதிகாரிகளும் தங்குகிற இடம். பல நாள் வாசலில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். யாராவது பெரிய மனிதர் வந்து இறங்கிய நாளில் எல்லோரையும் கேட்பார்கள். ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை எதுவானாலும் சரி. அசலை எடுத்துப் போகப் பயமாக இருந்தால் அரசின் டிஜிலாக்கர் செயலியில் இறக்கி வையுங்கள். போனில் போட்டோ எடுத்து வைத்திருப்பதை எங்கள் கண் முன்னாலேயே ஏற்க மறுத்தார்கள். வெளிநாட்டு நண்பர் யாராவது வந்தால் பாஸ்போர்ட் அவசியம்.

மெட்ரோ கார்டு ஒன்று ஆளுக்கு இருக்கட்டும். 2025 ஆகஸ்டிலிருந்து டெல்லி மெட்ரோவில் குறைந்த கட்டணம் 11 ரூபாய், அதிகம் 64 ரூபாய். விமான நிலையத் தடத்துக்கு மட்டும் கணக்கு வேறு. கார்டில் போனால் பத்து சதவீதம் குறையும். அதைவிடப் பெரிய லாபம், ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வரிசையில் நிற்க வேண்டாம்.

பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக ஒரு ஐந்நூறு ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். யுபிஐ எல்லா இடத்திலும் உண்டு என்றாலும், பழைய டெல்லிச் சந்துகளில் கூட்ட நேரத்தில் போன் சிக்னல் போய்விடும். பின்னால் பத்து பேர் காத்திருக்க, சுற்றிக்கொண்டே இருக்கும் திரையைப் பார்த்து நிற்பது நன்றாக இருக்காது.

நான்காவது ஒரு சின்னக் காகிதம். உங்களுக்கோ நண்பருக்கோ நிலக்கடலை, எள், மீன், இறால் எது ஒத்துக்கொள்ளாதோ அதை இந்தியில் எழுதி வாங்கி பர்ஸில் வையுங்கள். இந்தி பேசத் தெரியாதவர்களுக்கு இது பெரிய துணை. பேச வேண்டிய இடத்தில் இந்த நான்கு வரி போதும்: ‘மிர்ச் கம்’ என்றால் காரம் குறைவாக. ‘இஸ்மே மச்லி ஹை க்யா’ என்றால் இதில் மீன் இருக்கிறதா. ‘பியாஜ் லஹ்சுன் கே பினா’ என்றால் வெங்காயம் பூண்டு இல்லாமல். ‘ஆஜ் க்யா காஸ் ஹை’ என்றால் இன்றைக்கு என்ன விசேஷம்.

3. பணத்தை முன்கூட்டியே சேர்த்துவையுங்கள்

மாதம் ஆளுக்கு 500 ரூபாய், ஒருவர் கையில். அவரே எல்லா இடத்திலும் கொடுப்பார், கணக்கு எழுதுவார், மிச்சம் அடுத்த மாதத்துக்கு. பவன் கேன்டீனுக்குப் போகும் மாதம் ஓரளவு மிஞ்சும்; அந்த மிச்சம்தான் காஷ்மீரி விருந்து மாதிரி செலவான மாதத்துக்கு உதவும்.

எங்கள் அனுபவத்தில் தோராயமான செலவு இது. பவன் கேன்டீனில் சைவச் சாப்பாடு தலைக்கு 150 முதல் 250 வரை, மேலே மீனோ கறியோ வாங்கினால் இன்னொரு 150, 200. வங்காளிகள் வாழும் சி.ஆர். பார்க் சந்தையில் நின்றபடி சாப்பிட 250, 300. வடகிழக்கு உணவகங்கள் நிறைந்த ஹுமாயூன்பூரில் உட்கார்ந்து சாப்பிட 450 முதல் 600. விலைகள் ஏறிக்கொண்டே இருப்பதால் ஒரு நூறு கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

சைவர்களையும் அசைவர்களையும் ஒரே பில்லில் சமமாகப் பிரிக்காதீர்கள். ஆட்டுக்கறிக்கும் பருப்புக்கும் விலை மூன்று மடங்கு வித்தியாசம். கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு மாதம் கூடுதலாகக் கொடுத்தவர், மூன்றாவது மாதம் ‘வேலை இருக்கு’ என்று சொல்லிவிடுவார். ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டு பில் கேளுங்கள். எந்த இடத்திலும் மறுத்ததில்லை.

4. பவன் கேன்டீனில் தொடங்குங்கள்

ஒவ்வொரு மாநிலத்துக்கும் டெல்லியில் ஒரு பவன் உண்டு. நம் ஊருக்குச் சாணக்கியபுரியில் தமிழ்நாடு இல்லம் இருப்பது மாதிரி. எல்லாக் கேன்டீனும் வெளியாட்களுக்குத் திறந்ததில்லை. சில இடத்தில் தங்கியிருப்பவர்களுக்கு மட்டும்தான். சில இடத்தில் கேன்டீனையே தனியார் எடுத்து நடத்துகிறார்கள். குத்தகை முடிந்தால் ஆறு மாதம் மூடிக் கிடக்கும். அதனால் கிளம்புவதற்கு முதல்நாள் பவன் வரவேற்பறைக்குப் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: வெளியாட்கள் வரலாமா, மதியச் சாப்பாடு எத்தனை மணி வரை, நாளை ஏதாவது விழா இருக்கிறதா. இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பித்தான் நாங்கள் மூன்றரை மணிக்கு வாசலில் நின்றோம்.

முதல்முறைக்கு அசோகா ரோட்டில் இருக்கும் ஆந்திர பவனைச் சொல்வேன். புதிதாக வருகிறவர்களுக்கு இதைவிட எளிதான இடம் இல்லை. முதலில் கவுன்டரில் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும், அப்புறம் கூப்பிடும் வரை வெளியே காத்திருக்க வேண்டும், கூப்பிட்டதும் எங்கே இடம் காட்டுகிறார்களோ அங்கே உட்கார வேண்டும். ஆறு பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கேட்டுப் பிடிவாதம் பிடித்தால் அரைமணி கூடுதலாக நிற்பீர்கள். மூன்று மூன்றாக உட்காரத் தயார் என்று சொல்லிவிடுங்கள்.

உட்கார்ந்ததும் எவர்சில்வர் தட்டு வரும். பூரி, பப்பு, கூட்டு, ரசம், சாம்பார், தயிர், ஒரு இனிப்பு எல்லாம் கிண்ணத்தில். மேசையின் நடுவே ஊறுகாய், கோங்குரா பச்சடி, பொடி, நெய். இங்கேதான் வடக்கத்தி நண்பர்கள் தடுமாறுவார்கள். பூரியைத் தின்றே வயிற்றை நிரப்பிவிடுவார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுங்கள்: ஒரு பூரியோடு நிறுத்து, சோறு வரட்டும். சூடான சோற்றில் குழி பறித்து, பொடியை ஒரு கரண்டி போட்டு, அதன் தலையில் நெய் விட்டு, விரல் நுனியில் பிசைந்து முதல் உருண்டை. எங்கள் பாட்னாக்காரர் அந்த முதல் உருண்டையை வாயில் போட்டுவிட்டுச் சத்தமே இல்லாமல் இருந்தார். கண்ணில் தண்ணீர். ‘காரமா?’ என்று கேட்டேன். ‘இன்னும் கொஞ்சம் நெய் கேளுங்க’ என்றார். கோங்குரா நம் புளிச்சகீரைதான் என்று சொன்னால் தமிழர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

இங்கே ஒரு விதி. அளவில்லாச் சாப்பாட்டை இரண்டு பேர் பங்கு போடக் கூடாது. ஒருவர் சீட்டு வாங்கி மற்றவர் அதில் கை வைத்தால் பரிமாறுபவர் வந்து சொல்வார். அவர் சொல்வதுதான் நியாயம். மேலே வாங்கும் மட்டன் வறுவல், மீன், கோழி எல்லாவற்றையும் தாராளமாகப் பகிரலாம். ஆறு பேருக்கு இரண்டு தட்டு போதும்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே பிரியாணி. அதற்கு நகரமே வரும். பன்னிரண்டுக்கு முன்னால் போய்விடுங்கள், அல்லது அந்த நாளையே விட்டுவிட்டு சனிக்கிழமை போங்கள். முதல்முறை போகிறவர்களுக்கு சனிக்கிழமைதான் நல்லது.

இரண்டாவது முறைக்கு ஜந்தர் மந்தர் ரோட்டில் உள்ள கேரளா ஹவுஸ் கேன்டீன். மட்டை அரிசிச் சோறு, மீன் குழம்பு, விலை மலிவு. இரண்டு மணிக்கு மேல் மீன் தீர்ந்துபோகும். அப்புறம் ஹெய்லி ரோட்டில் பங்கா பவன், சாணக்கியபுரிப் பக்கம் பீகார், மணிப்பூர், ஒடிசா, குஜராத் பவன்கள். சாணக்கியபுரிக்கு மெட்ரோ நேராகப் போகாது. மஞ்சள் தடத்தில் லோக் கல்யாண் மார்க்கில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். அங்கே தெருக்கள் எல்லாம் ஒரே மாதிரி மதில் சுவராக இருக்கும். ‘பவன்’ என்று மட்டும் சொன்னால் ஆட்டோக்காரர் வேறு மாநிலத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். தெருப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். சில மாநிலங்களுக்கு இரண்டு கட்டடம் இருக்கிறது. ஒன்று பவன், மற்றது நிவாஸ் அல்லது சதன். கேன்டீன் எதில் என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

5. பவனிலிருந்து பேட்டைகளுக்கு

நான்கைந்து பவன் பார்த்தபின் வெளியே வாருங்கள். ஒரு மாநிலத்துக்காரர்கள் கூட்டமாகக் குடியிருக்கும் பேட்டையில் கிடைக்கும் சாப்பாட்டில் வீட்டு ருசி இருக்கும்.

வங்காளத்துக்குச் சித்தரஞ்சன் பார்க். எல்லோரும் சி.ஆர். பார்க் என்பார்கள். மெஜந்தா தடத்தில் கிரேட்டர் கைலாஷ் நிலையம் பக்கம். ஒன்றாம் எண் சந்தைக்கு மாலை ஆறு மணி வாக்கில் போங்கள். மீன் கடைகள் ஒரு பக்கம், பலகாரத் தள்ளுவண்டிகள் இன்னொரு பக்கம். புச்கா சாப்பிட்டுப் பாருங்கள், நாம் பானிபூரி என்பதுதான். டெல்லி கோல்கப்பாவோடு அதை ஒப்பிடாமல் இருக்க முடியாது: உள்ளே மசித்த உருளைக்கிழங்கு, புளித்தண்ணீர், தூக்கலான காரம். மீன் வறுவல், மட்டன் சாப், ரோல் எல்லாம் பகிர்ந்து தின்பதற்கென்றே செய்தவை. உட்கார்ந்து சாப்பிடுவதாக இருந்தால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். வங்காளிகள் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைய மாட்டார்கள். முதலில் கசப்பான சுக்தோ, அப்புறம் பருப்பு, காய், அதற்கப்புறம் மீன், பிறகு இனிப்புச் சட்னி, கடைசியில் மிஷ்டி, அதாவது இனிப்புப் பலகாரம். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் சோறு. மொச்சார் கொண்டோ என்று பட்டியலில் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், வாழைப்பூதான் அது. கடுகெண்ணெய் வாசனை முதலில் மூக்கில் ஏறும். இரண்டாவது முறை பழகிவிடும். எனக்கு நான்காவது முறை ஆனது.

வடகிழக்குக்கு ஹுமாயூன்பூர். சப்தர்ஜங் என்கிளேவ் பக்கத்தில் ஒரு நகரக் கிராமம். கிரீன் பார்க் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ. குறுகலான சந்துகளில் மாடி மேல் மாடியாக நாகா, மணிப்பூர், அசாம் என்று சின்னச் சின்ன உணவகங்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

நாகா சமையலில் அக்குனி என்று ஒன்று உண்டு. சோயாவை வேகவைத்துப் புளிக்கவைத்தது. அதன் வாசனை பலமானது. அதை முகம் சுளித்துப் பேசுகிறவர்களால் இந்த ஊரில் வடகிழக்குப் பிள்ளைகள் வாடகை வீட்டில் பட்ட சிரமம் கொஞ்சமல்ல. என் மணிப்பூர்த் தோழி ஒருநாள் சொன்னாள்: ‘எங்க வீட்டுச் சமையல் கொதிக்கும்போது ஜன்னலைச் சாத்திட்டுத்தான் சமைப்போம்.’ அதைக் கேட்டபின் எனக்கு எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு நினைவு வந்தது. சென்னையில் அதே காரணத்துக்காக அம்மா அடுப்படி ஜன்னலைச் சாத்தியிருக்கிறாள். மணிப்பூரின் ஙாரி புளிக்கவைத்த மீன். கருவாடு தெரிந்த நாக்குக்கு அது புதுசே இல்லை. வேகவைத்த காயோடும் மிளகாயோடும் அதை மசித்தால் இரோம்பா. சோற்றோடு ஒரு சிட்டிகை வைத்துத் தொடங்குங்கள். எண்ணெய் ரொம்பக் குறைவு, கீரை நிறைய, குழம்பு தண்ணீராக இருக்கும். கடைசியில் கறுப்பரிசிப் பாயசம் இருக்கிறதா என்று கேளுங்கள். செட்டிநாட்டுக் கவுனி அரிசி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது ஊர்ப் பலகாரம் மாதிரியே இருக்கும்.

ராஜா மிர்ச்சா, அதாவது மிகக் காரமான நாகா மிளகாய், என்று எழுதியிருந்தால் மட்டும் எச்சரிக்கை. நம் ஊர் மிளகாய்க் கணக்கு அதற்குப் பொருந்தாது. தனியாக ஒரு கிண்ணத்தில் சட்னியாகக் கேட்டு, கரண்டி முனையில் தொட்டுப் பாருங்கள்.

பழைய டெல்லிக்குக் காலை ஒரு நாள், மாலை ஒரு நாள். காலை என்றால் குளிர்காலத்தில் போக வேண்டும்: கினாரி பஜார் பக்கம் தௌலத் கி சாட் விற்பார்கள். பாலைக் கடைந்து எடுத்த நுரை, மேலே கோவாவும் சர்க்கரையும். வாயில் வைத்ததும் கரைந்துவிடும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான். வெயில் ஏற ஏறக் கலைந்துவிடும் பண்டம் என்பதால் கோடையில் செய்யவே மாட்டார்கள். மாலை என்றால் ஜாமா மசூதி ஒன்றாம் கேட் எதிரே மட்டியா மஹல். 1913-இல் தொடங்கிய கரீம்ஸ் அங்கேதான். கூட்டம் தாங்காவிட்டால் பக்கத்து அடுப்புகளிலும் கபாப் நன்றாகவே இருக்கும்.

வாஸ்வான் என்ற காஷ்மீரி விருந்துக்கு நான்கு பேர் கணக்கு. டிராமி என்ற பெரிய தாம்பாளத்தில் சோறு, அதன் மேல் கறி வகைகள், சுற்றி நால்வர். அவரவர் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆறு பேர் போனால் ஒன்று நால்வருக்கு, மீதி இருவருக்குத் தனித் தட்டு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். முழு விருந்துக்கு ஒரு நாள் முன்னால் சொல்லிவைப்பது நல்லது. தயிர்க் குழம்பில் மிதக்கும் கறி உருண்டையான குஷ்தாபா வந்துவிட்டால் விருந்து முடியப் போகிறது என்று அர்த்தம்.

யாருக்கும் ஒத்த கருத்து வராத மாதத்தில் ஐ.என்.ஏ. மெட்ரோ வாசலிலேயே இருக்கும் டில்லி ஹாட். சின்ன நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போனால் பல மாநிலக் கடைகள் வரிசையாக. வசதியான இடம், ஆனால் ஒரு கண்ணி உண்டு. எந்த மாநிலப் பெயர்ப் பலகையாக இருந்தாலும் மோமோவும் சௌமீனும் பனீரும் விற்பார்கள், கூட்டம் அதைத்தான் கேட்கிறது. ‘உங்க ஊர்ச் சாப்பாடு எது?’ என்று கேட்டு அதை மட்டும் வாங்குங்கள். ஒரு கடையில் ஒரு தட்டு, ஆறு கடையில் ஆறு தட்டு, ஒரே மேசை. பீகாரின் லிட்டி சோக்கா கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே சத்து, அதாவது வறுத்த கடலைமாவில் பூண்டும் ஓமமும் கடுகெண்ணெயும் பிசைந்தது. வெளியே தணலில் சுட்ட கோதுமை உருண்டை. இரண்டாக உடைத்து நெய்யில் முக்கி, சுட்ட கத்தரிக்காய் மசியலோடு சாப்பிட வேண்டும். ஆறிப்போனால் கல்.

6. நாள் பார்த்துப் போங்கள்

செவ்வாய்க்கிழமை வேண்டாம். வடக்கே பலர் அனுமாருக்காக அன்று அசைவம் தொடுவதில்லை. கறிக்கடைகள் பல மூடியிருக்கும். வருடத்தில் இரண்டு நவராத்திரி, மார்ச்-ஏப்ரலில் ஒன்று, செப்டம்பர்-அக்டோபரில் ஒன்று. அந்த ஒன்பது நாளும் அசைவத் திட்டம் போடாதீர்கள். அதற்குப் பதில் விரதத் தாலி சாப்பிடுங்கள்: குட்டு (பக்வீட்) மாவுப் பூரி, ஜவ்வரிசிக் கிச்சடி, இந்துப்பு போட்ட உருளைக்கிழங்கு. சைவ நண்பர்கள் எந்தச் சந்தேகமும் இல்லாமல் சாப்பிடக்கூடிய வாரம் அது.

ஜனவரியின் பின்பாதியில் இந்தியா கேட் சுற்றுவட்டாரத்தை மறந்துவிடுங்கள். குடியரசு தின ஒத்திகைக்காகச் சாலைகளை அடைப்பார்கள், ஆந்திர பவன் அந்த வட்டத்துக்குள்தான் வருகிறது. ஆகஸ்ட் 15-க்கு முந்தைய நாட்களில் செங்கோட்டைப் பக்கமும் அப்படியே.

மே, ஜூனில் மதியம் வெளியே வரிசையில் நிற்பது உடம்புக்கு ஆகாது. வெயில் 45 டிகிரியைத் தொடும். அந்த இரண்டு மாதமும் இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் நின்றுவிடும், பத்து மணிக்கே எழுந்துவிட வேண்டும். நீங்கள் சென்னையிலிருந்து வந்தவராக இருந்தால் டிசம்பர் குளிரில் சாப்பாடு எவ்வளவு சீக்கிரம் ஆறும் என்பது தெரிந்திருக்காது. வெளியே நின்று சாப்பிடும் இடங்களில் ஒவ்வொரு தட்டாக வாங்குங்கள்.

7. சைவ நண்பர் கூட இருந்தால்

என் தோழி அழுத நாளுக்கப்புறம் நாங்கள் வைத்துக்கொண்ட பழக்கம்: தட்டு மேசைக்கு வந்ததும், யாரும் கை வைப்பதற்கு முன், பரிமாறுபவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்பது. ‘வெஜ்’ என்ற சொல் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. வங்காளத்தில் பருப்பில் மீன்தலை போடுவது விசேஷச் சமையல். மணிப்பூர் சிங்ஜு பார்க்க வெறும் முட்டைக்கோஸ் கலவை மாதிரி இருக்கும், அதில் ஙாரி இருக்கலாம். சில சமையலறையில் கீரையைக் கறி வேகவைத்த தண்ணீரில் கொதிக்கவைப்பார்கள். அவர்கள் ஏமாற்றுவதில்லை. கறித்துண்டு இல்லாதது அவர்களுக்குக் காய்கறி. ‘இதில் மீன், கறி, அவற்றின் தண்ணீர், முட்டை எதுவும் இல்லையே?’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அதே நேரம் சைவர்களுக்கென்றே முழுதாகச் சில மாதங்களை ஒதுக்குங்கள். ராஜஸ்தானின் தால் பாட்டி சூர்மா, கேர் சாங்ரி, கட்டே, குஜராத் தாலி, ஒடிசாவின் டால்மாவும், பால்கட்டியைச் சுட்டுச் செய்யும் சேனா போடா இனிப்பும். இதில் யாருக்கும் எதுவும் குறையாது.

8. பில்லைப் படியுங்கள்

உணவகங்களில் பொதுவாக 5 சதவீத ஜிஎஸ்டி வரும், அது சட்டப்படி கொடுக்க வேண்டியது. சேவைக் கட்டணம் அப்படி இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாடிக்கையாளரைக் கேட்காமல் பில்லில் அதைச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒரு இடத்தில் எங்களுக்குப் பத்து சதவீதம் போட்டிருந்தார்கள். மேலாளரைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னதும் இரண்டு நிமிடத்தில் புது பில் வந்தது. எடுக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பரிமாறியவர் கையில் நீங்களாகக் கொடுக்கும் பணம் வேறு விஷயம், அதைக் கொடுங்கள்.

9. உங்கள் முறை வரும்போது

ஐந்தாறு மாதத்தில் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். ‘எப்போ தமிழ்ச் சாப்பாடு?’ தயவுசெய்து தோசைக் கடைக்குக் கூட்டிப் போகாதீர்கள். அதை அவர்கள் பிறந்ததிலிருந்து சாப்பிடுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சமையுங்கள். வத்தக்குழம்பு, ஒரு பொரியல், கூட்டு, அப்பளம், மிளகு ரசம், பால் பாயசம் போதும். மோர் மிளகாயை மறக்க வேண்டாம், என் பாட்னாக்காரர் இன்னமும் அதைத்தான் கேட்கிறார்.

சாமான்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் தென்னிந்தியக் கடைகள், முனிர்க்கா, ஆர்.கே. புரம், கரோல் பாக். ஆறு பேருக்குச் சாமான் செலவு எனக்கு 1,200 ரூபாய்க்குள் முடிந்தது. வாழை இலையை ஐ.என்.ஏ.வில் சனிக்கிழமை மாலையே வாங்கிவிடுங்கள், ஞாயிறு காலை போனால் கிழிந்ததுதான் மிஞ்சும். ஆறு பேருக்கு எட்டு இலை வாங்குங்கள், இரண்டு வழியில் மடிந்துவிடும். ஈரத்துணியில் சுற்றி, கூலருக்கு நேராக வைக்காமல், அறையின் நிழலான மூலையில் வையுங்கள். குளிர்காலமாக இருந்தால் சாதம் வடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் எடுத்து, அடுப்புக்கு மேலே கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கள். இல்லாவிட்டால் சூடான சோறு விழுந்ததும் இலை நரம்போடு பிளந்து ரசம் மேசையெல்லாம் ஓடும்.